மழையைச் சொல்லில் பிடித்தவர்கள்

ஜூன் மாதம் பிறந்து பத்து நாள் ஆகிவிட்டால் மும்பையில் குடைக்கு மவுசு வந்துவிடும். தாராவிச் சந்துகளில் தகரக் கூரைக்கு மேல் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவார்கள். தாதர் ரயில் நிலையத்தில் நனைந்த சட்டையும் நனையாத டிபன் பாக்ஸுமாகக் கூட்டம் நிற்கும். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து போன் வரும்.

"அங்க ஒரே மழையாமே. நீ நல்லா இருக்கியாலே?" என்று திருநெல்வேலிப் பக்கத்துத் தாய் கேட்பாள்.

மகன் என்ன சொல்வான்? இத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கா சொல்வான்? "கொட்டு கொட்டுன்னு கொட்டுதும்மா. சோன்னு ஊத்துது" என்பான்.

பள்ளியில் செய்யுளைக் கண்டு பயந்து ஓடிய பையனாகக்கூட அவன் இருந்திருக்கலாம். ஆனால் இந்த ஒரு பதிலில் கவிஞர்களின் இரண்டு கருவிகளை அவன் எடுத்து ஆண்டுவிட்டான். ஒரே சொல்லை மூன்று முறை அடுக்கினான். அது முதல் கருவி. மழையின் ஓசையையே சொல்லாக்கினான், அது இரண்டாவது. இயற்கையின் வலிமையை வார்த்தையில் கொண்டுவர நம் புலவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் செய்துவருவதும் இந்த வேலையைத்தான்.

எண் சொல்லாதது

2005 ஜூலை 26ஆம் தேதியை மும்பைத் தமிழர்கள் மறக்கமாட்டார்கள். சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நேரத்தில் கொலாபாவில் பதிவானது 73 மில்லிமீட்டர்தான். ஒரே நகரத்தின் ஒரு முனையில் சாதாரண மழை, மறுமுனையில் பிரளயம். மித்தி ஆறு கரை புரண்டது. லோக்கல் ரயில்கள் நின்றன. தொலைபேசி இணைப்புகள் அறுந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து விடியற்காலையில் வீடு சேர்ந்தார்கள். மகாராஷ்டிரம் முழுவதிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த வெள்ளத்தில் உயிரிழந்தனர்.

944 என்ற எண் உண்மை. பொறியாளருக்கும் அரசாங்கத்துக்கும் அது அவசியம். ஆனால் அன்று இரவு குர்லாவில் மார்பளவு தண்ணீரில் பிள்ளையைத் தோளில் தூக்கி நின்றவனுக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்த எண் சொல்லாது. எண் அளவைச் சொல்லும். அந்த மழைக்கு நடுவே நிற்பது எப்படி இருக்கும் என்பதைச் சொல்வதற்குக் கவிஞன் வேண்டும்.

ஓசையே பொருள்

"சலசல", "மடமட", "கடகட", "தடதட" என்பவை இரட்டைக்கிளவிகள். பிரித்தால் பொருள் தராது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். "வெள்ளம், வெள்ளம்!" என்று அலறுவது அடுக்குத்தொடர். இதைப் பிரித்தாலும் பொருள் உண்டு. ஆனால் ஒரு முறை சொன்னால் அது செய்தி, இரண்டு முறை சொன்னால் அபாயம். பயம், கோபம், மகிழ்ச்சி, அவசரம் வந்தால் சொல் தானாக அடுக்கிக்கொண்டு வரும்.

எந்த எழுத்து எங்கே வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இடியைச் சொல்லும்போது க, ட, த என்று வல்லினம் வந்து விழுகிறது. ஓடை நீரைச் சொல்லும்போது ல என்ற இடையினம் ஓடுகிறது. இடியைச் "சலசல" என்றும் ஓடையைத் "தடதட" என்றும் சொல்லிப் பாருங்கள், நாக்கே ஒப்புக்கொள்ளாது.

இதைத் தொல்காப்பியர் அன்றே வகுத்துவிட்டார். செய்யுளின் ஓசைநயத்தை வண்ணம் என்று பெயரிட்டு இருபது வகையாகப் பிரித்தார். வல்லெழுத்து மிகுந்து வந்தால் வல்லிசை வண்ணம். மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம். நெட்டெழுத்து மிகுந்தால் நெடுஞ்சீர் வண்ணம், குற்றெழுத்து மிகுந்தால் குறுஞ்சீர் வண்ணம். நெடில் நிறைந்த அடி, மலை ஏறும் கூட்ஸ் வண்டிபோல நிதானமாக நகரும். குறில் நிறைந்த அடி, சரிவில் இறங்கும் எக்ஸ்பிரஸ்போல ஓடும்.

திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே வான்சிறப்பு. அதன் இரண்டாவது குறளை மனப்பாடமாகத் தெரியாதவர் குறைவு. தெரிந்தவர்கள் வாய்விட்டு ஒரு முறை சொல்லிப் பார்க்கட்டும். ஒரே ஓசை திரும்பத் திரும்ப வந்து உதட்டில் மோதும். மழைதான் உணவை விளைவிக்கிறது, மழையே குடிநீராக உணவும் ஆகிறது என்பது கருத்து. அந்த ஓசையோ, ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுவதைப் போல இருக்கிறது. அதே அதிகாரத்தில் வள்ளுவர் இன்னொன்றும் சொல்கிறார்: கெடுப்பதும் மழை, கெட்டவரைத் தூக்கி நிறுத்துவதும் மழை. மும்பைக்காரர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

1916: புதுச்சேரிப் புயல்

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். அங்கே நள வருஷம் கார்த்திகை மாதம் 8ஆம் தேதி, அதாவது 1916 நவம்பர் 22, புதன்கிழமை இரவு பெரும் புயல் அடித்தது. அதைப் பற்றி அவர் இரண்டு பாட்டுகள் பாடியிருக்கிறார்.

முதல் பாட்டு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது. காற்றும் கடலும் இரைகின்றன. மனைவி கணவனை எழுப்புகிறாள். இங்கே கவிஞர் கையாளும் உத்தி என்ன? வானத்தில் ஏறி நின்று புயலை வர்ணிக்கவில்லை. தாழிட்ட வீட்டுக்குள், இருட்டில், இரண்டு பேரின் பேச்சுக்குள் புயலை அடக்கிக் காட்டுகிறார். வெளியே நடப்பது கண்ணுக்குத் தெரியாது; காதுக்கு மட்டும் கேட்கும். அதனால் பயம் பெருகுகிறது. முன்பு குடியிருந்த வீட்டில் இந்த நேரம் இருந்திருந்தால் நம் கதி என்ன என்று கணவன் நினைத்துப் பார்க்கிறான். காற்று என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கூற்றம் என்ற சொல்லைக் கொண்டுவந்து நிறுத்துகிறார் பாரதியார். காற்று, கூற்று: முதல் எழுத்தின் உயிர் மட்டும் மாறுகிறது, மூச்சு எமனாகிவிடுகிறது. எதுகை மோனை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது பாட்டு, புயலில் தப்பிய ஒரு சிறு தென்னந்தோப்பைப் பற்றியது. சுற்றிலும் மரங்கள் சாய்ந்து கிடக்க, இந்தத் தோப்பில் பல மரங்கள் நின்றன. அது ஏழை ஒருவனின் உடைமை, அதனால் வாயு பகவான் பொறுத்துவிட்டான் என்கிறார் கவிஞர். காற்றை அஃறிணையாக விட்டிருந்தால் இதைச் சொல்ல முடியாது. காற்றுக்குக் கண்ணும் மனமும் கொடுத்து உயர்திணையாக்கியதால்தான் அது ஏழையைப் பார்த்து இரங்க முடிந்தது.

ஆனால் இதே பாரதியார் வசன கவிதையில் காற்றைப் பற்றி வேறு விதமாகவும் பேசுகிறார். அங்கே "நொய்ந்த" என்ற ஒரே அடைமொழி வீட்டுக்கும் கதவுக்கும் கூரைக்கும் உடலுக்கும் உயிருக்கும் மாறி மாறி வருகிறது. பலவீனமானது எதுவோ அதைக் காற்று நொறுக்கிவிடும். ஆகவே மனிதர்களே, வீட்டைத் திடமாகக் கட்டுங்கள், கதவை உறுதியாகப் பொருத்துங்கள் என்று அறிவுரை போகிறது. ஒரு சொல்லைச் சுத்தியல்போல அடித்து அடித்துப் பயத்தை உண்டாக்கி, முடிவில் வேலைக்குக் கூப்பிடுகிறார்.

எது உண்மை? ஏழையின் தோப்பை விட்டுவைக்கும் காற்றா, பலவீனமான கூரையைத் தேடிப் பிடிக்கும் காற்றா? தகரக் கூரைக்குக் கீழ் வாழ்ந்தவர்களுக்கு விடை தெரியும். முதலாவது கவிஞரின் ஆசை, இரண்டாவது அவர் கண்ட நிலைமை. இரண்டையும் சொல்லிவைத்தது அவருடைய நேர்மை.

மழையைப் பற்றி அவர் பாடிய இன்னொரு பாட்டில், நட்டுவனார் தாளம் போடும்போது சொல்லும் சொற்கட்டுகள் நடுநடுவே வருகின்றன. அவற்றுக்கு அகராதியில் பொருள் கிடையாது. மலை பிளந்து வெள்ளம் பாயும் வேளையில் பொருள் உள்ள சொற்கள் போதவில்லை. மிருதங்கத்தை வாசிப்பதுபோல மொழியை வாசித்துவிட்டார்.

நண்டும் தவளையும் சொன்ன சேதி

புயலைப் பாடுவது ஒரு வகை. புயலுக்கு முந்திய நாளைப் பாடுவது இன்னொரு வகை. இதில் கைதேர்ந்தது முக்கூடற் பள்ளு.

திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாமிரபரணியோடு சிற்றாறும் கயத்தாற்றுப் பக்கத்து ஆறும் வந்து சேரும் இடம் முக்கூடல். இன்று சீவலப்பேரி என்று வழங்கும் ஊர் அது. தாராவியில் குடியேறிய தமிழர்களில் பெரும் பகுதியினர் அந்தச் சீமையிலிருந்து வந்தவர்கள்தான். பள்ளு பாடியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் வயலில் இறங்கிப் பார்த்தவர் என்பது நிச்சயம்.

நாளைக்கு ஆற்றில் வெள்ளம் வரப்போகிறது என்பதற்கு அவர் அடையாளங்களை அடுக்குகிறார். மலையாளத் திசையிலும் ஈழத் திசையிலும் மின்னல் வெட்டுகிறது. நேற்றும் இன்றும் காற்று மரக்கொம்புகளைச் சுற்றி அடிக்கிறது. கிணற்றுத் தவளை கத்துகிறது. சேற்று நண்டு தன் வளையின் வாயைச் சேற்றால் அடைக்கிறது. மழை நீரைத் தேடி வானம்பாடிகள் ஆடுகின்றன.

இதில் மழை இன்னும் ஒரு துளிகூட விழவில்லை. பெரிய உவமை இல்லை, கற்பனைப் பறத்தல் இல்லை. இருப்பதை இருந்தபடி சொல்வது; இதற்குத் தன்மை நவிற்சி என்று பெயர். ஆனால் அடையாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்குகிறது. சின்ன நண்டு வாசலை அடைப்பதைச் சொன்னதும், வரப்போகும் வெள்ளம் எவ்வளவு பெரியது என்பது தெரிந்துவிடுகிறது. பெரியதைக் காட்டச் சிறியதைக் காட்டுவது இந்தக் கவிஞரின் வித்தை.

பாடுகிறவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்ல, உழுது பிழைக்கும் தொழிலாளிகள். அவர்களுக்கு மழை என்பது அடுத்த வேளைக் கஞ்சி. அதனால்தான் அந்தப் பாட்டில் வெள்ளத்தைக் கண்டு பயத்தைவிடக் குதூகலம் அதிகம்.

வெள்ளம் ஒரு வியாபாரி

கம்பர் ராமாயணத்தை ஆற்றுப் படலத்தோடு தொடங்குகிறார். பாடுவது கோசல நாட்டுச் சரயு நதியை. அவரோ சோழ நாட்டுத் தேரழுந்தூர்க்காரர். காவிரிச் சீமையில் பிறந்தவர். அதனால் அந்த வெள்ளத்தில் காவிரியின் வேகம் தெரிகிறது என்று ரசிகர்கள் சொல்வது வழக்கம்.

மலையிலிருந்து இறங்கும் வெள்ளம் மணி, பொன், மயில்தோகை, யானைத் தந்தம், அகில், சந்தனம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வருகிறது. அப்படி வருகிற வெள்ளம் சரக்கு ஏற்றிப்போகும் வியாபாரியைப்போல இருந்ததாம். அழிவின் நடுவே கடைத்தெருவைக் கொண்டுவந்து வைத்துவிட்டார் கம்பர்.

வெள்ளம் மேலும் ஓடுகிறது. முல்லை நிலத்தைக் குறிஞ்சியாக்குகிறது, மருதத்தை முல்லையாக்குகிறது. ஒரு நிலத்துப் பொருளை இன்னொரு நிலத்தில் கொண்டுபோய்ப் போட்டு எல்லையைக் குலைத்துவிடுகிறது. இதற்குக் கம்பர் சொல்லும் உவமை, ஊழ்வினை. உயிர்களை அதது போகவேண்டிய பிறவிக்கு இழுத்துப் போகும் வினைபோல வெள்ளம் இழுத்துப் போயிற்று என்கிறார். கண்ணால் கண்ட வெள்ளத்துக்குக் கண்ணால் காணாத வினையை உவமையாக்கியதால், அதை எதிர்த்து நிற்க முடியாது என்பது ஒரே அடியில் விளங்கிவிடுகிறது. வயற்காட்டில் பிறந்தவனை மில் வாசலிலும் துறைமுகத்திலும் கொண்டுவந்து சேர்த்ததும் அப்படி ஒரு வெள்ளம்தான் என்று நம்மவர்களுக்குத் தோன்றினால், அது தவறில்லை.

கெடு வைத்த மழை

சங்ககாலத்தில் மழைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அது நாள் குறித்தது.

பொருள் தேடவோ போருக்கோ பிரிந்து போகும் தலைவன், கார்காலம் வருவதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவான். ஆவணி, புரட்டாசி இரண்டும் கார்காலம். இன்று தீபாவளிக்கு வருகிறேன், பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறுகிறோமே, அதே கதைதான். முதல் மேகம் கறுத்ததும் வீட்டில் இருப்பவளுக்கு வயிற்றைக் கலக்கும். மழை வந்துவிட்டது, அவன் வரவில்லை.

குறுந்தொகையில் ஒரு தோழி இதைச் சமாளிக்கும் அழகே தனி. கொன்றை சரம் சரமாகப் பூத்துவிட்டது. பூத்தால் கார்காலம் வந்துவிட்டதென்று அர்த்தம். தோழி என்ன சொல்கிறாள்? இந்தக் கொன்றை மரத்துக்குப் புத்தி போதாது. பருவம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நம்பி ஏமாந்து பூத்துவிட்டது என்கிறாள். மரத்தைத் திட்டுகிறாள், தலைவியைத் தேற்றுகிறாள். பொய் என்று இருவருக்கும் தெரியும். மழையின் வலிமை இங்கே இடியிலோ வெள்ளத்திலோ இல்லை. ஒரு பூவைக்கூட ஏறிட்டுப் பார்க்க முடியாதபடி ஒரு பெண்ணைச் செய்துவிட்டதே, அதில் இருக்கிறது.

நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடி கொண்டது; பத்துப்பாட்டில் மிகச் சிறியது அதுவே. தொடக்கத்தில் கடல்நீரைக் குடித்து எழும் மேகத்தை, மாவலி நீர் வார்த்ததும் விசுவரூபம் எடுத்த திருமாலோடு ஒப்பிடுகிறார். குள்ளமாக வந்தது வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இவ்வளவு பெரிதாகத் தொடங்கியவர், சற்றுத் தள்ளி ஓர் இடைப்பெண்ணைக் காட்டுகிறார். குளிருக்குக் கைகளைத் தோளில் கட்டிக்கொண்டு நிற்கும் அவள், தவிக்கும் கன்றுகளிடம் உங்கள் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள் என்று சொல்கிறாள். நற்சொல் கேட்கப் போன முதிய பெண்கள் அதைக் கேட்டுவிட்டு வந்து, உன் கணவனும் வந்துவிடுவான் என்று தலைவிக்கு ஆறுதல் கூறுகிறார்கள். விசுவரூபத்துக்கும் கன்றுக்குட்டிக்கும் நடுவே அந்தப் பாட்டு நடக்கிறது.

நாக்பூர் பக்கத்து மேகம்

இதே ஏக்கத்தை வடமொழியில் பாடியவர் காளிதாசர். அவருடைய மேகதூதத்தில் ஒரு யட்சன் சாபத்தினால் ஒரு வருஷம் மனைவியைப் பிரிந்து ராமகிரியில் கிடக்கிறான். நாக்பூரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் உள்ள ராம்டேக்தான் அந்த ராமகிரி என்று பலரும் கருதுகிறார்கள். எட்டு மாதம் கழிந்து நான்கு மாதம் பாக்கி இருக்கும்போது மேகம் வருகிறது. புகையும் ஒளியும் நீரும் காற்றும் சேர்ந்த வெறும் கலவை தூது போகுமா என்று கவிஞரே கேட்கிறார். பிரிவில் வாடுகிறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று பதிலும் சொல்கிறார்.

அந்தக் காவியம் முழுவதும் மந்தாக்ராந்தா என்ற ஒரே விருத்தத்தில் அமைந்தது. அடிக்கு 17 அசை. முதலில் நான்கு நீண்ட அசைகள், உடனே ஐந்து குறுகிய அசைகள். மேகம் கனத்து மெல்ல நகர்ந்து, திடீரென்று துளி உதிர்ப்பதுபோல இருக்கும். பாஷை வேறானாலும் நெடிலையும் குறிலையும் வைத்து மழையைச் செய்யும் தொழில் ஒன்றே.

சொல் இருந்தால்தான்

குற்றாலத்தில் சாரல் தருவதும், மும்பையில் கொட்டித் தீர்ப்பதும் ஒரே தென்மேற்குப் பருவக்காற்றுதான். ஊரில் அது மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி மெலிந்து வருகிறது. இங்கே மலைக்கு இப்புறமே முழு பலத்தோடு இறங்குகிறது. திருநெல்வேலிக்காரனுக்கு மும்பை மழை அந்நியம் அல்ல, சொந்த மழையின் முரட்டு அண்ணன்.

அந்த மழைக்குத் தமிழில் எத்தனை பெயர்! தொடங்கும்போது விழும் சிறுதுளி தூறல். காற்று சாய்த்துக் கொண்டுவந்து முகத்தில் தெளிப்பது சாரல். விடாமல் பெய்வது அடைமழை. கல்லாக விழுவது ஆலங்கட்டி மழை. மழை விட்டும் விடாதது தூவானம். இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு "பாரிஷ்" தெரியும், "பாவூஸ்" தெரியும், "ரெயின்" தெரியும். தெரியட்டும், அவை பிழைப்புக்கும் பழக்கத்துக்கும் வேண்டியவை. ஆனால் சாரலுக்கும் தூவானத்துக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைக்கு முக்கூடற் பள்ளை எப்படிக் கொடுப்பது? மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்தித்தான் வருகிறது. அங்கே சேர்க்க முடியாதவர்களுக்கும் வீட்டுத் திண்ணை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

வேலைக்குப் போக முடியாத ஒரு மழை நாளில் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, தகரத்தில் விழும் சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அது ஒரு சொல்லைத் தேடும். கிடைக்காவிட்டால் தானே ஒரு சத்தத்தைச் செய்யும். அங்கிருந்து பாரதியார் வெகு தூரம் இல்லை.

அப்புறம் ஊருக்குப் போனைப் போட்டுக் கையில் கொடுங்கள். "ஆச்சி, இங்க சாரல் அடிக்குது" என்று அது சொல்லட்டும். மறுமுனையில் இருக்கிறவளுக்கு வேறு விவரம் எதுவும் வேண்டியிராது.